இருபதும் நாலும்

"இருபத்து நான்கு எழுதுங்க" என்றேன். 204 என்று எழுதி, சிலேட்டை என் முகத்துக்கு நேரே தூக்கிக் காட்டினான்.

இரண்டாம் வகுப்பு. கற்பித்தல் பயிற்சிக்காக நான் இந்தப் பள்ளிக்கு வந்து இன்றோடு நான்காவது நாள்.

தப்பு என்று சொல்ல வாய் வரை வந்துவிட்டது. என்னவோ தோன்றி, "எப்படிப்பா எழுதின?" என்று மட்டும் கேட்டேன்.

"இருபது எழுதினேன் டீச்சர். அப்புறம் நாலு."

காதில் விழுந்ததை விழுந்த வரிசையில் எழுதியிருக்கிறான். அவன் கணக்கில் ஓட்டையே இல்லை. பட்டயப் படிப்பில் இடமதிப்பு பற்றிப் பக்கம் பக்கமாகத் தேர்வு எழுதியிருக்கிறேன். ஆனால் அந்தக் குழப்பத்தை ஒரு குழந்தையின் கையெழுத்தில் பார்ப்பது இதுதான் முதல் முறை.

வகுப்பாசிரியை ஒன்றும் சொல்லாமல் அலமாரியிலிருந்து ஈர்க்குச்சிகளை எடுத்துத் தந்தார். பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்ட கட்டுகள், கொஞ்சம் உதிரிகள். அவன் இரண்டு கட்டுகளை வைத்தான், பக்கத்தில் நான்கு குச்சிகள். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு நான் கேட்காமலேயே, நடுவில் இருந்த பூஜ்ஜியத்தை மட்டும் விரலால் அழித்தான்.

2022-இல் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளுக்கு வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரிப்பார்கள். பதிவேட்டில் இவன் அரும்பு. அந்த விரல் பூஜ்ஜியத்தைத் தேடிப் போன அரை நிமிடத்தை எழுத அதில் கட்டம் இல்லை.

நாளைக்கு மூன்றிலக்க எண்கள். ராத்திரி உட்கார்ந்து நூறு ஈர்க்குச்சி எண்ணிக் கட்டி வைத்திருக்கிறேன்.