திருத்தல் நேரம்

கொழும்பில் ஒரு தனியார் உயர்கல்வி நிறுவனத்தில் ஆறு வருடமாக வருகைதரு விரிவுரையாளராக இருக்கிறேன். முதலாம் வருடப் பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தில் கட்டுரை எழுதப் பழக்குவது என் வேலை. எங்கள் பிரிவில் ஒன்பது பேர், எல்லோரும் பெண்கள். கணினிப் பாடத்துக்கு வரும் சேர்மாருக்கு மணித்தியாலக் கொடுப்பனவு எங்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஏன் என்று கேட்டேன். "இது லாங்குவேஜ்தானே மிஸ். பிள்ளைகள் உங்களிடம் அம்மாவிடம் வருவதுபோல வருகிறார்கள்" என்றார் இணைப்பாளர். பாராட்டாகத்தான் சொன்னார். எனக்கு இரவு முழுக்க நித்திரை இல்லை.

வகுப்பில் நிற்கும் நேரத்துக்கு மட்டும்தான் காசு: தவணைக்கு 30 மணித்தியாலம். ஆனால் 42 பிள்ளைகள், ஆளுக்கு மூன்று கட்டுரை. ஒன்றுக்கு இருபது நிமிடம் என்றாலே 42 மணித்தியாலம் வந்துவிடுகிறது. ஒரு பிள்ளை ஒரே பந்திக்குள் மூன்று விஷயங்களை அடைத்திருந்தாள். எங்கே பிரிக்கலாம் என்று ஓரத்தில் பென்சிலால் கேள்வியாக எழுதினேன். விடையை நானே எழுதிக் கொடுத்திருந்தால் ஐந்து நிமிடம்தான். அடுத்த பிரதியில் அவளே சரியான இடத்தில் பிரித்திருந்தாள். கற்பித்தல் நடந்தது அங்கேதான்.

ஒரு சீஆர் கொப்பி வாங்கி, திருத்தத் தொடங்கிய நேரம், முடித்த நேரம் எல்லாம் குறித்தேன். இரண்டு தவணை போனதும் நிறுவனத்துக்குக் கடிதம் கொடுத்தேன். பதில் இல்லை. சரி என்று வெள்ளவத்தையில் 141 பஸ் ஏறி, நாரஹேன்பிட்டியில் தொழில் திணைக்களத்துக்குப் போய், எங்களுக்கு ஊழியர் சேமலாப நிதி (ஓய்வுக்காலச் சேமிப்பு) கட்டவில்லை என்று தமிழிலேயே முறைப்பாடு எழுதிக் கொடுத்தேன். தற்காலிக வேலையானாலும் சம்பளத்தில் தொழில்வழங்குநர் 12 வீதம், நாங்கள் 8 வீதம் என்று கட்டியாக வேண்டும். நாங்கள் ஊழியர்களே அல்ல, கட்டணம் வாங்கும் நிபுணர்கள் என்பது நிறுவனத்தின் வாதம்.

விசாரணையில் அலுவலர் கேட்டது மிக எளிய கேள்விகள். நேர அட்டவணை போடுவது யார்? பாடத்திட்டம் யாருடையது? வரவுப் பதிவேட்டில் கையெழுத்து வைக்கிறீர்களா? நான் பதிவேட்டின் போட்டோ பிரதிகளைக் கொண்டுபோயிருந்தேன். அவைதான் கைகொடுத்தன. இந்த வேலையில் இருக்கும் யாரும் கடிதம், வவுச்சர், ஒரு துண்டு என்றாலும் எறியாதீர்கள்.

எட்டு மாதத்தில் சேமலாப நிதி நிலுவை பகுதி பகுதியாக வரத் தொடங்கியது. திருத்தல் நேரம் வேறு கதை; அது நியமனக் கடிதத்திலேயே இல்லை என்று அலுவலர் சொல்லிவிட்டார். அப்புறம் நாங்கள் ஒன்பது பேரும் சேர்ந்து கையெழுத்து வைத்துக் கேட்டோம். இந்தத் தவணைக் கடிதத்தில் முதல் தடவையாக அதற்கென்று ஒரு வரி: கட்டுரை ஒன்றுக்கு 60 ரூபாய். காணாது என்று அன்றே பதில் எழுதிவிட்டோம். கொப்பியில் நேரம் குறிப்பதை நான் நிறுத்தவில்லை.