அஞ்சடி நிழல் எங்கள் குடியிருப்புக்கு வரவில்லை

தஞ்சாவூரிலிருந்து மலேசியாவின் பினாங்குத் தீவுக்கு வேலைக்கு வந்த முதல் வாரத்தில், குளுகோர் அடுக்குமாடி வீட்டின் சன்னலிலிருந்தே தெரிந்த மளிகைக் கடைக்கு நடந்து போகப் புறப்பட்டேன். பாதி வழியில் நடைபாதை முடிந்துபோனது. அதற்கப்பால் அகலமான வடிகாலும், அதை ஒட்டி வாகனங்கள் சீறிப் பாயும் சாலையும் மட்டுமே இருந்தன. வெறுங்கையோடு திரும்பிய என்னைக் கண்ட கீழ்த்தளத்து அக்கா, "இங்க யாரும் நடக்கறதில்ல தம்பி, ஒரு மோட்டார் வாங்கிக்குங்க" என்றார். மோட்டார் என்றால் இங்கே மோட்டார் சைக்கிள்.

காய்கறி வாங்க ஜார்ஜ் டவுனின் லிட்டில் இந்தியாவுக்குப் போன ஞாயிற்றுக்கிழமைதான், இதே தீவில் நடப்பதற்கென்றே கட்டப்பட்ட ஊர் ஒன்றும் இருப்பதை அறிந்தேன். கடைவீடுகளின் முன்புறம், மேல்மாடியின் அடியில் வரிசையாக ஓடும் அந்த நிழல் வழியை இங்குள்ள தமிழர்கள் அஞ்சடி என்கிறார்கள். 1822இல் சிங்கப்பூர் நகரத் திட்டத்துக்காக ஆங்கிலேய நிர்வாகி ராஃபிள்ஸ் வகுத்த விதிகளில், தெருவின் இருபுறமும் தொடர்ச்சியான, கூரையிட்ட வழி விடப்பட வேண்டும் என்பதும் ஒன்று. அத்தகைய அமைப்பு பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் ஆகிய ஆங்கிலேயரின் நீரிணைக் குடியேற்ற நகரங்களில் பரவியது. அரசு செலவழித்துப் பந்தல் போடவில்லை. கட்டுகிறவரே நிழலையும் கட்ட வேண்டும் என்று விதித்தது. வெயிலும் திடீர் மழையும் மாறி மாறி வரும் ஊருக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை. ஆனால் இன்று பல இடங்களில் எரிவாயு உருளை, மேசை, நிறுத்திவைத்த மோட்டார் என்று ஏதாவது ஒன்று வழியை மறிக்க, வெயிலில் இறங்கி ஏற வேண்டியிருக்கிறது.

தலைவர்கள் எதுவும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. பீச் ஸ்திரீட்டில் 2011 முதல் ஞாயிறு காலைகளில் வாகனங்களை நிறுத்தினார்கள். 2016இல் லிங்க்பைக் வாடகை மிதிவண்டிகளைக் கொண்டுவந்தார்கள். கிழக்குக் கரையோரமாகப் பினாங்குப் பாலத்தின் அடியில் செல்லும் மிதிவண்டிப் பாதையில் நானும் காற்று வாங்கியிருக்கிறேன். இருந்தாலும் அது உடற்பயிற்சிக்கான பாதை; அந்தப் பாதையில் போய்ப் பால் வாங்கி வர முடியாது. விரைவுச்சாலையைக் கடந்து அதை எட்டுவதற்கே மிதிவண்டியைத் தோளில் தூக்க வேண்டியிருந்தது என்பதை எந்தத் திறப்புவிழா மேடையில் சொல்லப்போகிறார்கள்?

சென்ற ஆண்டு எங்கள் குடியிருப்போர் அழைத்ததன்பேரில் உள்ளூர் மன்ற உறுப்பினர் ஒருவர் காரில் வந்திறங்கினார். மனு கொடுப்பதற்குமுன், கடை வரைக்கும் எங்களோடு நடந்து வருமாறு அந்த அக்கா கேட்டுக்கொண்டார். வடிகால் ஓரத்தில் அந்த உறுப்பினரும் நின்றுவிட்டார். நான்கு மாதம் கழித்து அங்கே இரண்டு சிமெண்டுப் பலகைகளும், சாலையில் ஒரு வரிக்கோட்டுக் கடவையும் வந்தன. வரிசையாக நட்ட மரக்கன்றுகள் இன்னும் முழங்கால் உயரம்தான்; அதனால் குடை இல்லாமல் நான் கடைக்குப் புறப்படுவதில்லை.