வேளாங்கண்ணி நடைப்பயணம்: கடைசி ஆள் வந்து சேரும் வரை

ஆகஸ்ட் 29 மாலை வேளாங்கண்ணியில் கொடியேற்றம். செப்டம்பர் 8 மாதா பிறந்தநாள் பெருவிழா. இந்த நாள்களில் டெல்டாவில் எந்தச் சாலையில் போனாலும் காவி உடுத்திய கூட்டமும் ‘மரியே வாழ்க’ குரலும் எதிர்ப்படும். சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வருவோருக்கு 300 கிலோமீட்டருக்கு மேல் நடை. தஞ்சாவூரிலிருந்து நீடாமங்கலம், திருவாரூர், கீழ்வேளூர், நாகப்பட்டினம் வழியாக ஏறக்குறைய 90. முதல் தடவை நடக்கிறவர்களுக்கு இந்தத் தஞ்சாவூர் வழியே போதும். நிதானமாக நடந்தால் மூன்று, நான்கு நாளில் போய்ச் சேரலாம்.

தனியாக நடக்கிறவர்களும் உண்டு. ஆனாலும் பங்கிலிருந்தோ (ஒரு கோயிலைச் சேர்ந்த சபை) அன்பியத்திலிருந்தோ (பங்குக்குள் அக்கம்பக்கக் குடும்பங்கள் கூடும் சிறு குழு) சேர்ந்து போவதுதான் வழக்கம். ஒரு குழுவுக்கு 25, 30 பேர் அளவு. அதற்கு மேல் போனால் முன்னால் சொல்லும் செபம் பின்னால் கேட்காது.

குழு உடைவது பெரும்பாலும் முதல் நாளே, ஓய்வெடுக்கும் இடத்தில்தான். இளவட்டங்கள் வேகமாகப் போய் டீக்கடையில் உட்கார்ந்துவிடுவார்கள். வயதானவர்களும் கால் வலிக்காரர்களும் அரை மணி கழித்து வந்து சேரும்போது, முன்னால் வந்தவர்கள் ‘சரி, கிளம்பலாம்’ என்று எழுந்துவிடுவார்கள். அதாவது, ஓய்வு அதிகம் தேவைப்படுகிறவருக்கு ஓய்வே கிடைப்பதில்லை. இரண்டாம் நாள் அவர் கூட வரும் சாமான் வண்டியில் ஏறிவிடுவார், மனசு விட்டுப்போய். இதற்கு ஒரே வழி, கடைசி ஆள் வந்து உட்கார்ந்த பிறகுதான் ஓய்வு நேரத்தைக் கணக்கிடுவது. அதிலிருந்து முழு 20 நிமிடம். அந்தக் கடைசி ஆளோடு நடக்க, வழி தெரிந்த, வாய் நிறையப் பேசுகிற ஒருவரைப் போட வேண்டும். குழுவின் நல்ல ஆளை முன்வரிசையில் கொடி பிடிக்க விடுவது வீண்.

செபமாலையே நல்ல வேகமானி. முன்னால் போகிறவர்கள் ‘அருள் நிறைந்த மரியே’ என்று தொடங்க, பின்னால் வருகிறவர்கள் ‘புனித மரியே, இறைவனின் தாயே’ என்று முடிக்க வேண்டும். பின்பாதி தேய்ந்துகொண்டே வந்தால் மூச்சு வாங்குகிறது என்று அர்த்தம். முன்னால் உடனே நடையைக் குறைக்க வேண்டும். இந்தச் செபத்தைப் பத்துத் தடவை சொன்னால் ஒரு ‘பத்துமணி’. ஐந்து பத்துமணி முடிய 20 நிமிடத்துக்குக் குறையாது. அதற்குள் ஒன்றரை கிலோமீட்டர் தாண்டியிருந்தால் வேகம் கூடுதல். சோர்ந்து முகம் வாடி வருகிறவரிடம் ஒரு பத்துமணியைத் தொடங்கச் சொல்லிப் பாருங்கள், குரலோடு காலும் தேறும். மூச்சிரைக்கிறவரிடம் மட்டும் இதைச் செய்யாதீர்கள்.

விடியற்காலை 3 மணிக்குக் கிளம்பி 9 மணிக்குள் நிறுத்திவிட வேண்டும். அதற்குப் பிறகு தார் கொதிக்கும். மறுபடி மாலை 4 மணிக்கு. இருட்டில் முன்னாலும் பின்னாலும் டார்ச், மினுங்கும் பட்டை வைத்த ஜாக்கெட். எதிரே வரும் வண்டி கண்ணில் படும்படி சாலையின் வலப்பக்கமாக, இரண்டு பேருக்கு மேல் அகலமில்லாமல் நடக்க வேண்டும். வெறுங்காலோடு நடப்பதாக நேர்ந்துகொண்டவர் நடக்கட்டும். செருப்புப் போட்டவரைக் குத்திப் பேச வேண்டாம். கொப்புளத்தை ஊசியால் குத்தக்கூடாது. கழுவித் துடைத்துப் பஞ்சு வைத்துக் கட்டினால் போதும், குத்தினால் சீழ் பிடிக்கும். வியர்வையோடு உப்பும் போவதால் வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் தலை சுற்றும். ஒரு லிட்டர் தண்ணீருக்குத் தலைதட்டி 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. சர்க்கரை நோயாளி, ரத்த அழுத்தக்காரர் யார் யார் என்பது சாமான் வண்டி ஓட்டுகிறவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

‘இன்னும் கொஞ்ச தூரம்தான்’ என்பது ஆறுதல் போலத் தோன்றும். மூன்றாவது முறை சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். ‘கீழ்வேளூருக்கு 4 கிலோமீட்டர், அங்கே மோர் இருக்கு’ என்று உள்ளதைச் சொல்லுங்கள். வண்டியில் ஏறியவரிடம் ‘வேண்டுதலைப் பாதியில விட்டுட்டீங்களே’ என்று கேட்பவர்கள் எல்லாக் குழுவிலும் உண்டு. அவர்களை அதட்டுவதில் தப்பில்லை. அன்புக்கும் நற்செயலுக்கும் ஒருவரையொருவர் தூண்ட வேண்டும் என்கிறது பைபிளில் எபிரேயர் திருமுகத்தின் 10ஆம் அதிகாரம். குத்திக்காட்டுவது அந்தத் தூண்டுதலில் சேராது. ஏன் நடக்கிறார் என்று யாரையும் துருவவும் வேண்டாம். பிள்ளையில்லாதவர், கடன்பட்டவர், வீட்டில் நோயாளியை விட்டு வந்தவர் என்று எல்லாரும் இருப்பார்கள். சொல்ல நினைப்பவர் இருட்டில் நடக்கும்போது தாமாகச் சொல்வார்.

ஒவ்வொரு நிறுத்தத்திலும் தலை எண்ண வேண்டும். பன்னிரண்டு வயது இயேசு எருசலேமில் தங்கிவிட்டதை அறியாமல், பயணிகள் கூட்டத்தில் இருப்பார் என்று எண்ணி மரியாவும் யோசேப்பும் ஒரு நாள் முழுக்க நடந்துவிட்டதை லூக்கா எழுதியிருக்கிறார். ‘அவங்களோட இருப்பான்’ என்ற அதே நினைப்பில்தான் இன்றும் பிள்ளைகள் தொலைகிறார்கள். இருவர் இருவராகச் சேர்த்துவிட்டால் எண்ணுவது சுலபம்.

வேளாங்கண்ணிக்குள் நுழைந்ததும் குழு சிதறும். ஒருவர் மொட்டை போட, ஒருவர் மாதா குளத்துக்கு மணலில் முழங்காலிட்டுப் போக, இன்னொருவர் கடலில் குளிக்க. மீண்டும் கூடும் இடத்தையும் நேரத்தையும் நாகப்பட்டினத்திலேயே சொல்லிவிடுங்கள். கூட்ட நெரிசலில் போன் கிடைப்பதை நம்ப முடியாது. கடலில் தனியாக இறங்க யாரையும் விடக்கூடாது, நீச்சல் தெரிந்தவரையும்.

ஊர் திரும்பிய வாரமே அன்பியக் கூட்டத்தில் வரவு செலவை வாசித்துவிட வேண்டும். கால் வலியால் பிரிந்த குழுக்களைவிட டீசல் கணக்கில் பிரிந்தவை அதிகம்.