கால்சா: ஜாகீருக்கு எதிர்ச்சொல்

வேலூர்ப் பக்கத்தில் ஜமாபந்தி, பசலி, தாசில், ஜாகீர் என்றால் யாரும் அகராதியைத் தேடுவதில்லை. நவாபு காலத்துக் கச்சேரியில் புழங்கிய சொற்கள் இன்றும் தாலுகா ஆபீசில் உயிரோடு இருக்கின்றன. சீக்கியர்களில் தீட்சை பெற்றவர்களின் கூட்டத்துக்குப் பெயரான 'கால்சா'வும் அதே வருவாய்க் கணக்கில் புழங்கிய சொல்தான். 'கால்சா என்றால் தூய்மை' என்று ஒரே வரியில் முடித்துவிடும்போது பாதிப் பொருள் விட்டுப்போகிறது.

வேர் அரபி. 'காலிஸ்' என்றால் கலப்பில்லாதது. நாம் வாய்ப்பேச்சில் சொல்லும் 'எல்லாம் கலாஸ்' என்பதும் அதே வேர்தான். முகலாயர் ஆட்சியில் நிலவரி இரண்டு வழியில் போனது. அதிகாரிக்குச் சம்பளத்துக்குப் பதிலாக ஒரு பகுதியின் வரியை எழுதிக் கொடுத்தால் அது ஜாகீர். ஆரணி ஜாகீரை அறிந்த வடாற்காட்டுக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நடுவில் யாரும் இல்லாமல் வரி நேரே அரசனின் கஜானாவுக்குப் போனால் அந்த நிலம் காலிசா.

இதை அப்படியே சீக்கிய வரலாற்றில் வைத்துப் பாருங்கள். தொலைவூர்களில் இருந்த சங்கத்துகளை, அதாவது சீக்கிய அடியார் கூட்டங்களைக் கவனிக்கவும் தஸ்வந்த் என்ற பத்தில் ஒரு பங்கு காணிக்கையைத் திரட்டவும் குருமார்கள் மசந்துகள் என்ற பிரதிநிதிகளை வைத்திருந்தார்கள். காலப்போக்கில் அவர்களில் பலர் காணிக்கையைத் தாங்களே வைத்துக்கொண்டு, குட்டிக் குருக்களாக நடக்கத் தொடங்கினார்கள். பத்தாவது குருவான குரு கோவிந்த் சிங் அந்த ஏற்பாட்டையே ஒழித்தார். காணிக்கையை நேரே கொண்டுவரச் சொன்னார். சங்கத்தை 'என் கால்சா' என்றே அவருடைய கடிதங்கள் அழைக்கின்றன. தூய்மை அதில் உண்டுதான். ஆனால் 'இடையில் எவரும் இல்லாமல் குருவுக்கே உரியவர்கள்' என்பதுதான் அதன் வலு.

சொல் 1699இல் பிறந்ததும் அல்ல. சீக்கியரின் புனித நூலான குரு கிரந்த சாகிபில் உள்ள கபீர் பாடலொன்றில் அது வருகிறது. முந்தைய குருக்களான ஹர்கோவிந்தும் தேக் பகதூரும் சங்கத்துகளுக்கு எழுதிய கடிதங்களிலும் இருக்கிறது. 1699 வைசாகியன்று ஆனந்த்பூரில் நடந்தது, அந்தப் பெயருக்கு ஒரு தீட்சையும் ஒழுங்கும் கிடைத்ததுதான். வைசாகி நம் சித்திரை முதல் நாளை ஒட்டி வரும். அன்று முதலில் தீட்சை பெற்ற ஐவரில் சாகிப் சந்த் தெற்கே, இன்றைய கர்நாடகத்தின் பீதரைச் சேர்ந்தவர்.

தீட்சை நடக்கும் விதத்திலேயே பொருள் தெரியும். இரும்புக் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி, பத்தாசா என்னும் சர்க்கரை வில்லைகளைப் போடுவார்கள். ஐந்து பேர் சுற்றிலும் அமர்ந்து, இருபுறமும் கூரான கண்டா வாளால் கலக்கிக்கொண்டே பாணி எனப்படும் ஐந்து வேண்டுதல் பாடல்களை ஓதுவார்கள். அந்தத் தண்ணீர்தான் அமிர்தம். பெறுபவர் வலது முழங்காலை ஊன்றி உட்கார்ந்து ஐந்து கை அமிர்தம் குடிப்பார். ஐந்து முறை கண்ணிலும் ஐந்து முறை தலைமுடியிலும் தெளிப்பார்கள். மீந்ததை எல்லோரும் ஒரே கிண்ணத்தில் வாய் வைத்துக் குடிப்பார்கள். சாதி பார்ப்பவரால் அந்தக் கிண்ணத்தைத் தொட முடியாது. தீட்சை கொடுப்பதும் ஒரு பரம்பரைக் குடும்பம் அல்ல, அமிர்தம் பெற்ற எந்த ஐவரும் கொடுக்கலாம். ஐவர் கொடுத்த அமிர்தத்தை குருவே அவர்களிடமிருந்து வாங்கிக்கொண்டார் என்கிறது மரபு. மசந்துகள் திரும்பி வர இதில் வழியே இல்லை.

முடி வெட்டுதல், புகையிலை, ஹலால் முறையில் அறுத்த இறைச்சி, பிறன்மனை நாடுதல் ஆகிய நான்கும் பெரிய மீறல்கள். செய்தவர் ஐவர் முன் நின்று ஒப்புக்கொண்டு, மறுபடி அமிர்தம் பெற வேண்டும்.

தமிழில் எழுதும்போது தடுக்கும் இடங்கள் உண்டு. சீக்கியர் எல்லோரையும் கால்சா என்று எழுதுவது தவறு, அமிர்தம் பெறாத சீக்கியரும் உண்டு. அது கூட்டத்தின் பெயர் என்பதால் 'கால்சாவைச் சேர்ந்தவர்' என்பதே சரி. காலிஸ்தான் என்பதற்கும் வேர் ஒன்றுதான், ஆனால் அது இருபதாம் நூற்றாண்டு அரசியல் கோரிக்கையின் பெயர். இரண்டையும் மாற்றி எழுதினால் ஒரு சமயக் கூட்டத்தின் மேல் அநியாயமாகப் பழி விழும்.

பஞ்சாபை ஆண்ட ரஞ்சித் சிங்கின் அரசு தன்னை 'சர்க்கார்-இ-கால்சா' என்று அழைத்துக்கொண்டது. அதே அரசின் வருவாய்க் கணக்குகளில் அரசுக்கு நேரே வரி கட்டும் நிலத்துக்கும் கால்சா என்றே பெயர். படிக்கும்போது பக்கத்துச் சொல்லைப் பாருங்கள். அருகே ஜாகீர் இருந்தால் பேச்சு நிலத்தைப் பற்றியது.