கணுக்காலுக்கு எந்த டேப்?

வலைப்பந்தில் பந்தைப் பிடித்த கையோடு நின்றாக வேண்டும். ஓடி வந்த வேகம் முழுவதையும் கணுக்கால்தான் வாங்கும். கந்தோர் அணிக்கு ஆடும்போது எனக்கும் கால் உட்பக்கமாகப் பிரண்டது. வெளிப்புற எலும்புக்கு முன்னால் இருக்கும் தசைநாரில் அடி. சுளுக்கில் அதிகம் மாட்டுவது அதுதான்.

வீக்கம் வற்றி மெதுவாக ஓடத் தொடங்கிய பிறகே டேப் பேச்சு வந்தது. வெள்ளவத்தையில் நான் காட்டும் பிசியோ அக்கா, ஒட்டுவதற்கு முன் சுவரோரம் நிறுத்தினார். "குதி கிளம்பக் கூடாது தங்கச்சி, முழங்காலைச் சுவரில முட்டுங்கோ." முட்ட முடிகிற கடைசி இடத்தில் பெருவிரலுக்கும் சுவருக்கும் இடையே அடிமட்டம் வைத்தார். நல்ல காலில் 11 சென்றிமீற்றர், பிரண்ட காலில் 8. இந்தத் தூரம் கூடக் கூடக் கணுக்கால் நன்றாக மடிகிறது என்று அர்த்தம்; ஒரு சென்றிமீற்றர் என்பது கணுக்காலின் மடிப்பில் ஏறத்தாழ மூன்றரைப் பாகை.

முதலில் 38 மில்லிமீற்றர் அகலமான வெள்ளை டேப், இழுபடாத வகை. பாதத்தைச் செங்கோணத்தில் பிடிக்கச் சொல்லி, கெண்டைக்காலின் கீழே ஒரு சுற்று. அதிலிருந்து உட்பக்கமாக இறங்கி, குதிக்கு அடியால் போய், வெளிப்பக்கம் இழுத்து ஏற்றும் பட்டிகள். அதற்கு மேல் குறுக்குப் பட்டிகள், கடைசியாகக் குதியைச் சாய்வாகச் சுற்றிப் பூட்டும் பட்டி. பாதம் உள்ளே திரும்பவே மாட்டேன் என்றது. நல்லதுதான், ஆனால் விரல் நுனியைக் கீழே நீட்டவும் விடவில்லை. எம்பினால் பாதி உயரம்தான். சுவரில் 6.

அந்தப் பிடியும் நிலைக்காது. ஆட்டம் தொடங்கி இருபது, முப்பது நிமிடத்தில் இவ்வகை டேப் கணிசமாகத் தளர்ந்துவிடும். முழு ஆட்டமோ 15 நிமிடக் கால்பகுதிகள் நான்கு. கொழும்பு வியர்வையைத் தனியாகச் சொல்ல வேண்டுமா?

அடுத்தது கலர் டேப். ஜப்பானியரான கென்சோ காசே 1970களில் உருவாக்கிய, இழுபடும் வகை. சுவரில் அதே 8. அசைவைத் தடுக்காது; பக்கவாட்டில் பிரள்வதையும் தடுக்காது. படம் எடுக்க வடிவாக இருந்தது, வேறென்ன.

மூன்றாவதுதான் என்னை யோசிக்க வைத்தது. நியூசிலாந்துப் பிசியோ பிரையன் மலிகனின் முறை. வெளிக் கணு எலும்பின் முன்பக்கத்தில் தொடங்கி, எலும்பைக் கையால் பின்னும் மேலுமாகத் தள்ளிப் பிடித்தபடி சாய்வாகக் காலைச் சுற்றி ஏற்றும் சிறு பட்டி. அதன் மேலேயே இன்னொன்று. குதியும் பாதமும் வெறுமையாகவே இருக்கும். சுவரில் ஒன்பதைத் தொட்டேன். ஒரு சென்றிமீற்றர் அளவுப் பிழையாகவும் இருக்கலாம், அதைப் பெரிதாக எடுக்கவில்லை. மடிக்கும்போது கணுக்காலின் முன்பக்கம் நெரிபடுகிற மாதிரி இருந்த நோ இல்லாமல் கால் மடிந்ததே, அது போதும்.

இப்போது பயிற்சிக்கு மலிகன் முறை. போட்டிக்கு வெள்ளை டேப், ஆனால் முன்பக்கத்தைத் திறந்துவிட்டு, பக்கப் பட்டியும் குதிப் பூட்டும் மட்டும். இடைவேளையில் குதிப் பூட்டைப் புதிதாகப் போடுவேன். குதிக்கு மேலே பின்பக்கம் இருக்கும் தடித்த நாணின் மேல் வஸலின் தடவிய பஞ்சுத் துண்டை வைக்காவிட்டால் கொப்புளம் நிச்சயம். கழற்றும்போது தோலை ஒரு கையால் அமர்த்திக்கொண்டு மயிர் வளரும் பக்கமாக மெதுவாக உரிக்கவும். அவசரப்பட்டு இழுத்தால் தோலும் சேர்ந்து வரும்.