பென்டிரைவில் பெயரில்லா ஃபோல்டராம், ஆனா அழிய மாட்டேங்குது!

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். 61 நாள் விசைப்படகு கரையில் கிடக்கும், ஜெராக்ஸ் கடைகளில் கூட்டம் நெரியும். நிவாரணத்துக்காக மாமாவின் ஆதார், பாஸ்புக், படகுப் பதிவு எல்லாம் ஸ்கேன் செய்திருந்த பென்டிரைவைத் தங்கச்சிமடத்தில் ஒரு கடையில் கொடுத்து பிரிண்ட் எடுத்தேன். வந்தது வினை, வைரஸ் வடிவில்.

வீட்டில் சொருகினால் ஒரே ஒரு ஷார்ட்கட். ப்ராப்பர்ட்டீஸில் இடம் நிரம்பித்தான் இருக்கிறது, கண்ணுக்கு ஒரு ஃபைல் இல்லை.

பாம்பன் பாலம் தாண்டி ராமநாதபுரத்துக்கு ஓடினேன். சர்வீஸ் கடைத் தம்பி பென்டிரைவின் முனையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "உப்புக் காத்துல துரு ஏறிப்போச்சுண்ணே, ஃபார்மேட் போட்டுருவோம்." துரு ஏறியது நிரம்பிய இடத்தை மட்டும் எப்படி இவ்வளவு சரியாகக் காட்டும் என்று கேட்டேன். பதில் இல்லை, 'செக்கிங் சார்ஜ்' மட்டும் கேட்டார். யாராவது எடுத்த எடுப்பில் ஃபார்மேட் என்றால் பென்டிரைவைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

மறைந்த ஃபைலைப் பார்க்க வியூ மெனுவில் 'ஹிட்டன் ஐட்டம்ஸ்' டிக் செய்தால் போதாது. ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் 'ஹைட் புரொடெக்டட் ஆபரேட்டிங் சிஸ்டம் ஃபைல்ஸ்' என்ற டிக்கையும் எடுக்க வேண்டும். எடுத்ததும் பெயரே இல்லாத ஒரு ஃபோல்டர் தலைகாட்டியது. பெயர் இருக்கிறது, வெறும் இடைவெளி எழுத்து, அதனால் தெரிவதில்லை. மாமாவின் காகிதம் அத்தனையும் அதற்குள். லேப்டாப்புக்கு காப்பி செய்த பிறகுதான் மூச்சு வந்தது.

பிறகுதான் கூத்து. அந்த ஃபோல்டரை அழித்தால் அடுத்த நொடி மறுபடி வந்து நிற்கிறது. சில சமயம் 'வேறு புரோகிராம் திறந்து வைத்திருக்கிறது' என்று முரண்டு பிடிக்கிறது. டாஸ்க் மேனேஜரைத் திறந்தேன். நான் எதுவும் ஓட்டவில்லை, ஆனால் 'விண்டோஸ் பேஸ்டு ஸ்கிரிப்ட் ஹோஸ்ட்' ஓடிக்கொண்டிருந்தது. அது விண்டோஸின் சொந்தப் புரோகிராம்தான், அதை அழிக்காதீர்கள். 'எண்ட் டாஸ்க்' மட்டும் கொடுங்கள். அதை ஏவிவிட்ட வைரஸ், ஒரு விபிஎஸ் (ஸ்கிரிப்ட்) ஃபைல், லேப்டாப்பின் ஸ்டார்ட்அப் ஃபோல்டரில் உட்கார்ந்திருந்தது. அதைத் தூக்காமல் பென்டிரைவை எத்தனை முறை துடைத்தாலும் வீண்.

மிச்ச வேலை, கட்டளையை டைப் செய்யும் கமாண்ட் ப்ராம்ப்ட்டில். ஃபைலின் மறைப்பை நீக்கும் 'அட்ரிப்' போடும்போது மைனஸ் ஹெச் மட்டும் கொடுத்தால் 'நாட் ரீசெட்டிங் சிஸ்டம் ஃபைல்' என்று கைவிரிக்கும். மைனஸ் எஸ்ஸும் சேர்த்தே கொடுக்க வேண்டும். பெயரில்லா ஃபோல்டரை டைப் செய்ய முடியாதே? ஃபோல்டரை அழிக்கும் 'ஆர்டி'யுடன் ஸ்லாஷ் எஸ் கொடுத்து, டிரைவ் எழுத்தையும் அடித்துவிட்டு டேப் கீயைத் தட்டிக்கொண்டே போனால் பெயர் தானாக வந்து உட்காரும். என்டர், 'ஆர் யூ ஷ்யூர்' என்று கேட்டால் ஒய். ஒழிந்தது! ஒன்றுக்கு இரண்டு தடவை டிரைவ் எழுத்தைப் பாருங்கள், சி-யில் இந்த வேலையைக் காட்டினால் விண்டோஸே படுத்துவிடும்.

ஜெராக்ஸ் கடையில் போய்ச் சொன்னேன். "எங்க சிஸ்டம் கிளீன்ணே, உங்க லேப்டாப்லதான் ஏதோ இருக்கு." சரி தம்பி. இப்போது எஸ்டி கார்டில்தான் கொண்டுபோகிறேன், கார்டில் எதுவும் எழுத முடியாதபடி அடாப்டரின் பக்கவாட்டில் இருக்கும் லாக்கைத் தள்ளிவிட்டு. கார்டு ரீடர் இல்லாத கடை என்றால் பிடிஎஃப்பை மெயிலில் அனுப்பி எடுத்துக்கொள்ளச் சொல்கிறேன்.