விறாந்தையில் இரண்டு பைப்

தென்னையிலிருந்து விழுந்து என் முள்ளந்தண்டு உடைந்தது, அதற்குள் ஓடும் நரம்புத் தண்டான முண்ணாண் நசுங்கிக் கால்கள் இயங்காமல் போயின. யாழ்ப்பாணத்தில் இது புதுக் கதையில்லை. பனையாலும் தென்னையாலும் விழுந்தவர்கள் வார்ட்டில் எப்போதும் யாராவது இருப்பார்கள்.

சத்திரசிகிச்சைக்குப் பிறகு டொக்டர் மலவாசலில் விரல் வைத்து, "தெரியுதோ? இறுக்கிப் பாருங்கோ" என்றார். எனக்கோ ஒரே கூச்சம். தெரியுது என்றதும் அவர் முகம் மலர்ந்தது. முண்ணாணின் கடைசி நரம்புகள் போய்ச் சேரும் இடமாம். அங்கே உணர்ச்சி மிஞ்சியிருந்தால் காயம் முழுமையானதல்ல. பயிற்சிக்குக் கால் இணங்க வாய்ப்புண்டு.

படுக்கையில் காலை மடக்கி நீட்டுவது மூட்டு இறுகாமல் காக்கும், அவ்வளவுதான். நடை வர நடந்துதான் பழக வேண்டும். அதற்கும் முதல் நிற்க வேண்டுமே! சாய்வுக் கட்டிலில் பட்டி கட்டி மெல்ல நிமிர்த்தியபோது பிரஷர் இறங்கிக் கண் இருட்டியது. வயிற்றுக்குப் பெல்ட், காலுக்குப் பண்டேஜ் சுற்றிய பிறகே நிற்க முடிந்தது. அப்புறம் உயரமான கட்டிலிலிருந்து எழும்பி இருப்பது. பிசியோ பிள்ளை தன் முழங்காலால் என் முழங்காலை முட்டுக்கொடுத்து, "கையால தள்ளாதேங்கோ அண்ணை, காலை ஊன்றுங்கோ" என்பாள். கட்டிலைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பதித்துக்கொண்டே போனாள். கள்ளம் செய்ய விடமாட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் வெல்டிங் கடையில் சொல்லி விறாந்தையில் பிடித்து நடக்க இரண்டு பைப் பூட்டினேன். பாதம் தொங்காமலிருக்கப் பிளாஸ்டிக் ஸ்பிளிண்ட். பத்து மீற்றருக்குக் கோடு போட்டு, நடக்கிற நேரத்தை மகள் போனில் பார்ப்பாள். நேரம் குறைந்த நாளில் சோறு கூடுதலாக இறங்கும்.

கால் வழமைக்கு மாறாக வெட்டி இழுத்தால் பயிற்சியைக் குறை சொல்லாமல் முதலில் சலத்தைக் கவனியுங்கள். சலத்தில் கிருமி, மலச்சிக்கல், படுக்கைப்புண் எதுவானாலும் கால்தான் முதலில் சொல்லும். சொந்தக்காரர் சொல்லும் சுடுதண்ணி ஒத்தடம் மட்டும் வேண்டவே வேண்டாம். உணர்ச்சி குறைந்த தோல் வெந்தாலும் தெரியாது.

இப்போது வீட்டுக்குள் ஊன்றுகோல், வெளியில் சில்லுக்கதிரை. "நடக்கிறாய்தானே, பிறகேன் கதிரை?" என்று கேட்பவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை. களைத்து விழுந்து இன்னொரு எலும்பையும் முறிக்க எனக்கு விருப்பமில்லை. நல்லூர்த் திருவிழாவுக்கும் கதிரைதான். வீதி மணலில் சில்லுப் புதையும், தள்ள மருமகனைக் கூட்டிக்கொண்டு போவேன்.